முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்: எதைப் பார்ப்பது, எப்போது போய்ப் பார்ப்பது

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இணையத்தில் தேடி நான்கைந்து இல்லங்களின் படங்களைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் போவார்கள். மேலாளர் காபி கொடுத்துச் சுற்றிக் காட்டுவார். தோட்டம் இருக்கும், பூஜை அறை பளிச்சென்று இருக்கும், ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் முதல் தடவையாக இல்லம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்க்க வேண்டியவை நிறைய இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அந்த இல்லத்திலேயே மிகவும் முடியாமல் படுத்திருப்பவர் யாரோ, அவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடமாட்டத்தோடு இருப்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு, சண்டை போட்டாவது வாங்கிக்கொள்வார். வாய் திறந்து கேட்க முடியாதவருக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்த இல்லத்தின் உண்மையான தரம். இன்று தானாக நடந்து உள்ளே போகிற உங்கள் அம்மா, சில வருடங்களில் அந்தக் கட்டிலுக்கு வரலாம்.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியது

இல்லம் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ஆறு விஷயங்களை எழுதுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றையும் அவர் தானாகச் செய்கிறாரா, கொஞ்சம் கை கொடுத்தால் செய்கிறாரா, முழுக்க ஒருவர் செய்துவிட வேண்டுமா? முதியோர் மருத்துவர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அதோடு, போன ஆறு மாதத்தில் எத்தனை முறை விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுகிறார், ஞாபகம் எப்படி, என்னென்ன மாத்திரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'முதியோர் இல்லம்' என்றே பெயர். ஆனால் உள்ளே போனால் வேறுவேறு. அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டித் தங்கும் இல்லங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கம் அதிகம் காணப்படும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே வீட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ இருப்பார்கள், சாப்பாடும் துப்புரவும் கிடைக்கும், ஆனால் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள அந்த ஏற்பாடு போதாது. நான்காவது, நர்ஸும் பராமரிப்பாளரும் எந்நேரமும் இருக்கும் இல்லங்கள். ஆறில் மூன்றுக்கு மேல் ஆள் துணை வேண்டும் என்றால், நேராக நான்காவது வகையைத் தேடுங்கள். தோட்டத்தைப் பார்த்து மயங்கி மூன்றாவது வகையில் சேர்த்துவிட்டு, ஒரு வருடத்தில் திரும்பவும் அலைவது பெரியவருக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்று. அவரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். 'ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகலாம்' என்று கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தால், அவர் அதன் பிறகு யாரையும் நம்ப மாட்டார். உங்களை மட்டுமல்ல, மாத்திரை கொடுக்க வரும் நர்ஸையும் நம்ப மாட்டார். பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஞாபகம் மங்கியவராக இருந்தாலும், எந்த அறையில் அவர் முகம் தெளிகிறது என்று பார்க்கலாம்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. 60 வயது முடிந்தவர்கள் அதன்படி மூத்த குடிமக்கள். தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்களின் பதிவும் கண்காணிப்பும் சமூக நலத்துறையின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது மாவட்ட சமூக நல அலுவலகத்தில். பதிவுச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகிய நான்கையும் காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகராமல், தேதி முடிந்துவிட்டதா, முகவரி இதே கட்டடத்தின் முகவரிதானா என்று கிட்டப்போய்ப் படியுங்கள். ஒரு இல்லத்துக்கு வாங்கிய பதிவை வைத்து அடுத்த தெருவில் இன்னொரு வாடகை வீட்டையும் நடத்துகிறவர்கள் இருக்கக்கூடும்.

பதிவு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் பதிவே இல்லாத இடத்தில் நாளைக்கு ஒன்று ஆனால், யாரிடம் போய் நிற்பீர்கள்?

இரண்டு முறை போக வேண்டும்

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது தடவை சொல்லாமல், சாயங்காலம் ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் போங்கள். பகல் ட்யூட்டி முடிந்து ராத்திரி ஆட்கள் வரும் நேரம் அது. அலுவலகத்தில் இருப்பவர்கள் கிளம்பியிருப்பார்கள். இரவுச் சாப்பாடு போடுவார்கள். ஞாபக மறதி உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். 'வீட்டுக்குப் போகணும்' என்று கதவருகே வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் யார், எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று கேட்டாலே இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மதிய ஓய்வு நேரத்தில் வராதீர்கள் என்று சொன்னால் நியாயம். 'எப்போது வந்தாலும் முன்னாடியே போன் பண்ணணும்' என்று கறாராகச் சொல்கிற இடத்தை நான் ஒதுக்கிவிடுவேன்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். ஒரு அறையில் ஒரு நேரம் நாற்றம் அடிப்பது இயல்பு. யாருக்கோ இப்போதுதான் டயப்பர் மாற்றியிருப்பார்கள். வராந்தா முழுக்கப் பழைய சிறுநீர் வாடை தங்கியிருந்தால், மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுவதில்லை. கண் எரிகிற அளவுக்கு ஃபினாயில் வாடை அடித்தாலும் எதற்கு என்று கேளுங்கள்.

நாலு மணி டீ நேரத்தில் இருக்க வாய்த்தால் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கை நடுங்குகிற ஒருவருக்கு டீ எப்படிப் போய்ச் சேருகிறது? டம்ளரை முக்கால் அளவு ஊற்றி, சூடு ஆற்றி, அவர் இரண்டு கையாலும் பிடித்த பிறகு விடுகிற பராமரிப்பாளர் இருக்கிறார். தளும்பத் தளும்ப ஊற்றி ஸ்டூலில் 'டக்'கென்று வைத்துவிட்டுப் போகிறவரும் இருக்கிறார். கால் மணி நேரம் கழித்து வந்து, ஆடை படர்ந்து ஆறிப்போன அந்த டீயை எடுத்துக் கொட்டிவிட்டு, 'தாத்தா டீ வேணாம்னுட்டாரு' என்பார். இரண்டாவது ஆளைக் குறை சொல்வதற்கு முன், அவர் எத்தனை பேருக்கு டீ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். முப்பது பேருக்கு ஒரே ஆள் என்றால் தப்பு அவருடையது இல்லை. போதுமான ஆள் போடாத நிர்வாகத்துடையது.

படுத்திருப்பவரின் கட்டில் அருகே

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கதவைத் தட்டி, அந்தப் பெரியவரிடம் 'உள்ள வரலாமாங்க' என்று கேட்டுவிட்டுத்தான் அழைத்துப் போகிறார்களா என்பதே முதல் பரீட்சை. அவர் துணி விலகிக் கிடக்கும்போது கூட்டமாக உள்ளே கூட்டிப் போகிற இடத்தில், நாளைக்கு உங்கள் அம்மாவையும் இப்படித்தான் காட்டுவார்கள்.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டம்ளரோ ஸ்ட்ரா போட்ட பாட்டிலோ அவர் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், அதனால் நேரம் பார்த்துக் கொடுக்கிற ஆளும் வேண்டும். உதடு வெடித்து, நாக்கு காய்ந்திருந்தால் தண்ணீர் போகவில்லை. அடுத்து நகம், காது மடல், கண் ஓரம். குளிப்பாட்டுவது பெயருக்கா, நிஜமாகவா என்பது அங்கேதான் தெரியும். விரல் இடுக்கில் சொறி இருந்தால் விசாரியுங்கள். சிரங்கு ஒருவருக்கு வந்தால் அறை முழுக்கப் பரவும்.

அப்புறம் குதிகால். போர்வைக்கு வெளியே கால் தெரிந்தால் பார்க்கலாம். தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருந்தால், விஷயம் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். படுக்கைப் புண் வருகிற இடங்கள் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி. தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு நேரம் எழுதிய ஒரு தாள் இருக்கும்; கேட்டுப் பாருங்கள். இருபத்துநாலு மணி நேரக் கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியதுபோல இருந்தால் அதை நம்ப வேண்டாம். ஏர் பெட், அதாவது புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை, போட்டிருந்தால் அதன் பம்பு ஓடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சுவிட்சை அணைத்துப் போட்ட ஏர் பெட்டால் எந்தப் பயனும் இல்லை.

நேராகக் கேளுங்கள்: 'இப்போ இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கு? வரும்போதே இருந்ததா, வந்த பிறகு வந்ததா?' நல்ல இல்லம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. 'ரெண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புண்ணோட வந்தாரு, இப்ப ஆறிட்டு வருது' என்பதுபோல விவரமாகப் பதில் வரும். 'எங்ககிட்ட யாருக்குமே வராது' என்று ஒரே வரியில் முடித்தால், இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

கட்டில் கம்பியில் துணிக்கயிறு தொங்குகிறதா, மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 'இறங்கி ஓடிடுறாங்க, அதனால கட்டி வைக்கிறோம்' என்று சாதாரணமாகச் சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். கட்டுவதற்குப் பதிலாக மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதும் உண்டு. பகல் பதினொரு மணிக்கு ஒரு வார்டில் எல்லோருமே தூங்கி வழிந்தால், யார் எழுதிக் கொடுத்த மாத்திரை, எத்தனை நாளாக என்று கேளுங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்பதற்காகவே சிறுநீர்க் குழாய் போட்டு வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். குழாய் நாள்பட இருந்தால் தொற்று வரும்.

இரவு

மேலாளரிடம் இந்த ஒரு கேள்வியை அப்படியே கேளுங்கள்: 'ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க அம்மா பாத்ரூம் போக எழுந்தா, என்ன நடக்கும்?' பதிலில் ஒரு ஆளின் வேலை தெரிய வேண்டும். மணி எங்கே இருக்கும், அடித்தால் எங்கே கேட்கும், யார் வருவார், அவர் விழித்திருப்பாரா தூங்கி எழுந்து வருவாரா, அதே மாடியிலா கீழேயா? 'சிசிடிவி இருக்கு சார்' என்பது பதில் இல்லை. கேமரா கை கொடுத்துத் தூக்காது. அங்கேயே மணியை அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள். தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது முதியோர் இல்லம் இல்லைதான். ஆனால் தானாக எழுந்து ஓட முடியாதவர்களை இரவில் பூட்டி வைக்கிற எந்த இடத்துக்கும் அந்த அபாயம் உண்டு. அதனால் இரவில் எந்தக் கதவு பூட்டப்படுகிறது, சாவி யாரிடம், ஜன்னலில் இருக்கும் இரும்புக் கிரில் உள்ளிருந்து திறக்குமா, இரண்டாவது வழி எது என்று கேட்டு, அந்த வழியாக நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள். பல இடங்களில் அந்த இரண்டாவது கதவுக்குப் பின்னால் பழைய கட்டிலும் அரிசி மூட்டையும் அடுக்கியிருக்கும். தீயணைப்புக் கருவியில் தேதி பாருங்கள். அதை எப்படி இயக்குவது என்று அங்கே நிற்கும் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். மேலாளரிடம் இல்லை, ராத்திரி இருக்கப்போவது அவர் இல்லை.

நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருந்தால், லிஃப்ட் நின்றுபோனால் எப்படி இறக்குவார்கள்? சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள்தான் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். 'அந்த ரெண்டு தடவையும் இங்கே தண்ணி எதுவரை வந்தது, நீங்க என்ன பண்ணீங்க?' என்று கேளுங்கள். மேலாளர் புதியவராக இருந்தால் எதிரே இருக்கிற கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரா ஜெனரேட்டரா, ஆக்ஸிஜன் இயந்திரத்தையும் அது தாங்குமா என்பதையும் இதோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறை

பெரியவர்கள் விழுகிற இடங்களில் முக்கியமானது இது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, நடுவில் படி இருக்கிறதா, இரவு விளக்கு எரியுமா என்று அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள். கமோடுக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடி இருக்க வேண்டும். உங்கள் எடையைப் போட்டு இழுத்துப் பாருங்கள். பெயருக்கு நாலு திருகாணி போட்டு மாட்டிய டவல் கம்பி, விழுகிறவரோடு சேர்ந்து விழும். தரை ஈரமாக இருக்கும்போது வழுக்குகிறதா, வீல்சேர் உள்ளே திரும்புமா, வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளா, ஹீட்டர் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் சூடு பார்க்கிறார்களா? பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்கள்தானா என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். ராத்திரியிலும் பெண் பராமரிப்பாளர் இருக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள்.

சாப்பாடு, மருந்து, ஆஸ்பத்திரி

சாப்பாட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், காசு கொடுத்தாவது ஒரு வேளை அங்கே சாப்பிடுங்கள். காரம், உப்பு, சாதத்தின் பதம் பற்களில்லாத வாய்க்குச் சரியாக இருக்குமா? அட்டவணையில் இருக்கும் காய்தான் அன்றைக்குத் தட்டில் இருக்கிறதா? ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு முடிந்து, காலை டிபன் எட்டரைக்கு என்றால் நடுவில் பதினாலு மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு அது ஆபத்து. படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ கஞ்சியோ உண்டா என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுத்த வாக்கில் வாயில் வைக்கிறார்களா என்று பாருங்கள். படுக்க வைத்து ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

எடையை மாதம் ஒரு தடவையாவது பார்த்து எழுத வேண்டும். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலோ, ஆறு மாதத்தில் பத்துப் பங்கு குறைந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். 50 கிலோ இருந்த அம்மா ஒரு மாதத்தில் 47-க்கு வந்தால் 'வயசாச்சுல்ல' என்று விடக்கூடாது.

மருந்துக்கு ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய தனிப் பெட்டி, கொடுத்ததும் கையெழுத்து போடும் ரெஜிஸ்டர் இரண்டும் வேண்டும். காலையிலேயே மூன்று வேளைக்கும் மாத்திரையைப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டு வைத்திருந்தால் கிண்ணம் மாறிப்போக எவ்வளவு நேரமாகும்? வாரம் எத்தனை நாள் டாக்டர் வருவார், அவர் பெயர், எண் என்ன, ராத்திரி நெஞ்சுவலி வந்தால் 108-ஐ யார் கூப்பிடுவார், கூட யார் போவார், ஆஸ்பத்திரியில் நீங்கள் வரும் வரை யார் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம்.

அங்கே வாழ முடியுமா?

பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்ற பெயரில் ஆளை அசையவிடாமல் வைத்திருக்கிற இல்லங்கள் உண்டு. ஐந்தரைக்கு எழுப்பிக் குளிப்பாட்டி, ஏழு மணிக்கு வரிசையாக உட்கார வைத்து, ராத்திரி ஏழரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். விழவும் மாட்டார், வாழவும் மாட்டார். நாற்பது வருடம் காலை பேப்பரைப் படித்துவிட்டுத்தான் குளித்தவர் அங்கேயும் அப்படிச் செய்யலாமா? தன் டிரங்குப் பெட்டியையும் சாமி படத்தையும் தாத்தாவின் போட்டோவையும் வைத்துக்கொள்ள இடம் உண்டா? போனில் தனியாகப் பேச முடியுமா, வார்டன் பக்கத்தில் நிற்பாரா? வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ ஞாயிறு சர்ச்சுக்கோ மசூதிக்கோ யாராவது கூட்டிப்போவார்களா? ஓய்வூதியருக்கான உயிர்வாழ்ச் சான்றுக்கு உதவுவார்களா? 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க 2024 மக்களவைத் தேர்தலில் வசதி இருந்தது. 'இங்கே யாராவது அப்படிப் போட்டாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். இருப்பவர்களைக் குடிமக்களாக நினைக்கிறார்களா, கட்டில் எண்களாக நினைக்கிறார்களா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

அங்கே தங்கியிருப்பவர்களிடம் பேசும்போது 'நல்லா பாத்துக்கிறாங்களா?' என்று கேட்காதீர்கள். ஆள் பக்கத்தில் நிற்கும்போது 'நல்லா பாத்துக்கிறாங்க' என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: 'நேத்து ராத்திரி என்னங்க சாப்பாடு?' 'கடைசியா வெளிய எப்பப் போனீங்க?' 'ராத்திரி ஏதாவது வேணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?' கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வந்தால், 'நம்ம செல்வி இருக்காளே, அவளைத்தான்' என்பதுபோல வந்தால், நல்ல அறிகுறி. யோசித்துவிட்டு 'யாரைக் கூப்பிடுறது' என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பராமரிப்பாளர்களிடமும் பேசுங்கள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் இரண்டு மாதம் என்றால் ஆட்கள் நிற்பதில்லை. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வரும் பெண்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். பலர் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த அம்மா 'வயித்த வலிக்குது' என்றால் புரிந்துகொள்ள ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது வேண்டும். எழுபது, எண்பது வயதுக்காரர்களை 'வா, போ' என்று அதட்டுகிற சத்தம் காதில் விழுந்தால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

பணம்

மாதக் கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், தனி ஆள், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், துணி துவைப்பது எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும். வருடத்துக்கு எவ்வளவு கூட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, இடையில் கிளம்பினாலோ இறந்துபோனாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வருமானவரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது முடிந்தவருக்கு, தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஏடிஎம் கார்டு, பென்ஷன் பாஸ்புக், வெற்றுத்தாளில் கையெழுத்து, பொது அதிகாரப் பத்திரம் எதையும் இல்லத்திடம் கொடுக்க வேண்டாம். வீட்டை எழுதி வைத்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்று யார் சொன்னாலும், பிள்ளைகளே சொன்னாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

சேர்த்த பிறகு

முடிந்தால் முதலில் இரண்டு வாரம் தங்க வைத்துப் பாருங்கள். சேர்க்கிற அன்று எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, உடம்பில் இருக்கும் காயம், தழும்பு எல்லாவற்றையும் இல்லத்தின் நர்ஸ் முன்னாலேயே எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் 'வரும்போதே இப்படித்தான் இருந்தது' என்ற பேச்சு வராது.

முதல் சில வாரம் அழுவார், கோபப்படுவார், 'என்னைக் கூட்டிட்டுப் போ' என்பார். அது வீட்டைப் பிரிந்த துக்கம்; அதை வைத்து இல்லத்தை எடைபோட முடியாது. ஆனால் மேல் கையில் விரல் பதிந்ததுபோலக் கன்றல், ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது, எப்போது போனாலும் அரைத்தூக்கம், போன வாரம் கட்டியிருந்த அதே அழுக்குப் புடவை, கண்ணாடியோ காதுக் கருவியோ காணாமல் போவது இவற்றைத் துக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கிழமையையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் போங்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கிற பெரியவரை எந்த இல்லமும் கூடுதல் கவனத்தோடுதான் வைத்திருக்கும். தூரத்தில் இருப்பவர்கள் உள்ளூரில் நம்பகமான ஒருவரை எழுத்துமூலம் இல்லத்துக்கு அறிமுகம் செய்து, அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காமல் அறையையும் கட்டிலையும் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது அதே 2007 சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி குற்றம்; மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் மட்டும் அனுப்பிவிட்டு எட்டிப்பார்க்காமல் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரியில்லை என்று தெரிந்தால்

சின்னக் குறை என்றால் முதலில் மேலாளரிடம் பேசுங்கள். பேசியதை அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ தேதியோடு எழுதி அனுப்புங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பேசலாம். பெரியவரே கூட அழைத்துப் பேசலாம், அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கைக்குக் கொடுத்து வையுங்கள். அடித்த காயமோ, கட்டிப்போட்ட தழும்போ கண்டால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வேறு இல்லத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தால், கிளம்புகிற அன்று கையோடு வாங்க வேண்டியவை: இப்போது போகிற மாத்திரைகளின் பட்டியல், கடைசி வேளை எப்போது கொடுத்தார்கள் என்ற குறிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எழுதிய தாள்களின் நகல், ஆஸ்பத்திரி ஃபைல், ஆதார், காப்பீட்டு அட்டை, மீதி மருந்து, கண்ணாடி, பல்செட், காதுக் கருவி, முன்பணத்துக்கு எழுத்து மூலமான தேதி. காலையிலேயே கிளம்புங்கள், புது இடத்தில் இரவு ஆட்கள் வருவதற்கு முன் அவர் அந்த அறையையும், கழிப்பறைக்குப் போகும் வழியையும் இரண்டு தடவையாவது உங்கள் கையைப் பிடித்து நடந்து பார்த்திருக்க வேண்டும்.